விளக்கு பாஸ் செய்த வேர்க்கடலை

என் கண் மஞ்சளாகியிருப்பதை முதலில் பார்த்தவர் எங்கள் கம்பெனியின் லேப் இன்சார்ஜ் ரமணய்யா சார். ஆந்திரா எல்லையை ஒட்டிய ஊர்க்காரர், எல்லோரையும் நைனா என்பார். மக்காச்சோளத்தைக் கையில் அள்ளி, நிறத்தை வைத்தே எந்தப் பக்கத்துச் சரக்கு என்று சொல்லிவிடுவார். அன்று காலை சோளத்தை விட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா நைனா, கண்ணு சோளம் மாதிரி கீது?"

பர்ஸ்ட் குவாலிட்டியா, ரிஜெக்டா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ என்றார். நான் ஒன்பது நாள் கழித்துப் போனேன்.

அந்த ஒன்பது நாளையும், பிறகு சென்னையில் படுத்துக் கிடந்த மூன்று வாரத்தையும் பற்றி எங்கள் லோடுமேன்கள் ஒவ்வொரு டீ டைமிலும் கேட்கிறார்கள். ஒருவனுக்குச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்தவன் வந்து முதலிலிருந்து கேட்கிறான், என் டீ ஆறிவிடுகிறது. எழுதிக் கையில் கொடுத்துவிட்டால் நிம்மதி. பத்தாவதில் இரண்டு தடவை பெயிலானவன் நான். இரண்டு தடவையும் கணக்கில்தான், தமிழ் பரவாயில்லை. அந்தக் கணக்கு ஆஸ்பத்திரி வரைக்கும் என் பின்னாலேயே வந்தது, அதையும் சொல்கிறேன்.

நான் வேலை செய்வது கும்மிடிப்பூண்டியில் மாட்டுத் தீவனமும் கோழித் தீவனமும் செய்கிற ஒரு கம்பெனி. என் கையில் இருப்பது குத்தூசி. நுனி கூராக, நடுவில் பள்ளமாக இருக்கும் ஒரு முழ இரும்பு. லாரி வந்து நின்றதும் மேலே ஏறி மூட்டையில் இதைக் குத்தினால், உள்ளே இருக்கும் தானியம் பள்ளத்தின் வழியாகப் பையில் கொட்டும். அதைத்தான் லேப்பில் சோதிப்பார்கள். சரக்கு நல்லதா கெட்டதா என்று ஓனருக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். அதனால் டிரைவர்கள் எனக்கு வடை வாங்கித் தருவார்கள். நான் வடையைத் தின்றுவிட்டு, ரிஜெக்ட் என்று ஒரு தடவை சொல்லி, அவர்கள் முகம் போகிற போக்கைப் பார்த்த பிறகுதான் உண்மையைச் சொல்வேன்.

குத்தி எடுத்ததில் லேப் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். மீதி குத்தினவனுக்கு. எங்கேயும் எழுதி வைக்கவில்லை, எனக்கு முன்னால் குத்தூசி பிடித்தவர்கள் காலத்திலிருந்தே அப்படித்தான். சோளம் என்றால் அக்கம்பக்கத்துக் கோழிக்குப் போகும். வேர்க்கடலை எங்களுக்கு வருவதே இல்லை, புண்ணாக்குதான் வரும். போன வருஷம் கார்த்திகை மழை விடாமல் அடித்ததில், ஒரு எண்ணெய் மில்காரர் தன் கிடங்கில் நனைந்துபோன வேர்க்கடலைப் பருப்பைத் தீவனத்துக்காவது ஆகுமா என்று மூன்று லாரியில் அனுப்பினார். மூன்றையும் ரமணய்யா சார் திருப்பி அனுப்பினார். பூஞ்சை. லாரிகள் போய்விட்டன. குத்தின சரக்கு என்னிடம் இருந்தது. மூன்று லாரிக்கும் சேர்த்து முக்கால் மூட்டை.

பூஞ்சை பிடித்தது என்று தெரிந்தும் ஏன் எடுத்துப்போனாய் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். விளக்கை நம்பி எடுத்துப்போனேன்.

எங்கள் லேப்பின் மூலையில் ஓர் இருட்டு அறை. உள்ளே ஊதா நிறத்தில் எரிகிற ஒரு விளக்கு. டிஸ்கோ லைட் என்போம். மக்காச்சோளத்தை உடைத்து அதன் கீழே பரப்பினால், பூஞ்சை ஏறிய துண்டுகள் மட்டும் பச்சையும் மஞ்சளுமாக மின்னும். மின்னினால் அந்த லாரியை ஓரம் கட்டிவிட்டு மேற்கொண்டு சோதிப்பார்கள். அந்த வெளிச்சத்தில் பல்லும் மின்னும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் ரமணய்யா சார் அந்த அறையில் வைத்து எனக்கு விளக்கைப் பற்றிப் பாடம் நடத்தினார். நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். அந்தப் பாடத்தில் ஒரு வரியைத் தவறவிட்டேன்.

சாப்பாட்டு நேரத்தில் கடலையைத் தட்டுத் தட்டாகப் பரப்பி விளக்கின் கீழே வைத்துப் பார்த்தேன். ஒன்றுகூட மின்னவில்லை. வெறும் கண்ணுக்கே பச்சையாகப் பூத்துத் தெரிந்த பருப்பைக்கூட விளக்கு சும்மா விட்டது. சார் ரொம்பக் கறார், விளக்கு பொய் சொல்லாது என்று முடிவு செய்து, மூன்று நாளில் மூன்று பையாகக் கட்டி எங்கள் ஊர் ஆரம்பாக்கத்துக்கு ரயிலில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் நானும் அம்மாவும்தான். அப்பா இல்லை. அந்தச் சமயத்தில் என் தங்கை சுகுணா ஏழாவது மாசத்தில் வளைகாப்பு முடிந்து வந்திருந்தாள். அவள் வீட்டுக்காரருக்கு வள்ளூர் அனல்மின் நிலையத்தில் காண்டிராக்ட் வேலை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து போவார். கம்பெனியில் போனஸாகக் கொடுத்தார்கள் என்று கடலையை அம்மாவிடம் நீட்டினேன். இதுமேல ஏன்டா பச்சையா பூத்துக் கீது என்றாள். இந்த மழைக்கு நமக்கே சளி பிடிக்குது, அதுக்குப் பிடிக்காதா என்றேன். அம்மா நம்பிவிட்டாள். நான் வேடிக்கையாகச் சொன்னால் அது உண்மை என்றும், சீரியஸாகச் சொன்னால் பொய் என்றும் என் வீட்டில் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள்.

அம்மா ஒவ்வொரு பருப்பாக ஈரத்துணியால் துடைத்தாள். இரண்டு நாள் மொட்டை மாடியில் காய வைத்தாள். வறுத்து, தோல் நீக்கி, பாதியைச் சட்னிக்கு வைத்துக்கொண்டு, மீதியை வெல்லப்பாகு வைத்து உருண்டை பிடித்தாள். பிள்ளைத்தாச்சிக்குச் சத்து. முதல் உருண்டையைக் கடித்த சுகுணா அப்படியே வாசலில் போய்த் துப்பினாள்.

"கசக்குதும்மா."

நான் விடவில்லை. கலெக்டரம்மாவுக்குக் கம்பெனிக் கடலை தொண்டையில் இறங்காது, பாதாம் வாங்கி வாருங்கள் என்று தெரு கேட்கச் சொன்னேன். ஒரு வாரத்துக்கு நான் மட்டுமல்ல, எங்கள் தெருப் பிள்ளைகளும் அவளைக் கலெக்டரம்மா என்றே கூப்பிட்டார்கள். மாசமாக இருக்கும்போது நாக்கு அப்படித்தான் இருக்கும் என்று அம்மா தினமும் காலையில் இரண்டு உருண்டையை அவள் கையில் கொடுத்துவிட்டுத்தான் வேறு வேலை பார்த்தாள். சுகுணா அதற்குப் பிறகு கசக்கிறது என்று சொல்லவே இல்லை.

எனக்குக் கசப்பு தெரியவில்லை. சும்மா கிடைத்தது எதுவும் எனக்குக் கசந்ததில்லை. காலையில் கடலைச் சட்னி, மத்தியானம் சாப்பாட்டுப் பையில் உருண்டை, சாயங்காலம் வறுகடலை. ஆறு வாரம் இப்படிப் போனது. பிறகு பசி போனது. வாந்தி வந்தது. மூத்திரம் கடுங்காப்பி நிறத்தில் போனது. அதற்கடுத்து வந்ததுதான் ரமணய்யா சார் பார்த்த கண்.

ஒன்பது நாள் கீழாநெல்லி. பக்கத்து ஊரில் ஒரு அம்மா அரைத்து மோரில் கலக்கிக் கொடுப்பார், உப்பும் எண்ணெயும் கூடாது என்பார். நம் பக்கத்தில் கண் மஞ்சளானால் முதலில் போவது அங்கேதான், நானும் போனேன். ஆறாவது நாள் பேண்ட் கொக்கி மாட்டவில்லை. வயிறு முன்னால் வந்துவிட்டது. சுகுணாவுக்கு எட்டாவது மாசம், எனக்கு ஆறாவது நாள், வயிற்றுப் போட்டியில் நான் ஜெயித்துக்கொண்டிருந்தேன். அதை அவளிடம் சொன்னபோது அவள் சிரித்துவிட்டு, உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒன்பதாவது நாள் பல் தேய்க்கும்போது ஈறிலிருந்து ரத்தம் வந்தது. வாய் கொப்பளித்துக்கொண்டே இருந்தேன், நிற்கவில்லை. அம்மா ஆட்டோவைக் கூப்பிட்டுவிட்டாள்.

கும்மிடிப்பூண்டி கிளினிக்கில் டாக்டர் என் காலை விரலால் அழுத்தினார். விழுந்த குழி எழும்பவில்லை. ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, உட்காரக்கூடச் சொல்லாமல் சென்னைக்கு எழுதிக் கொடுத்தார். அரசு ஆஸ்பத்திரி, ஆண்கள் வார்டு, ஜன்னல் ஓரம் கட்டில்.

அங்கே ஒரு பெண் டாக்டர் எங்கள் வார்டைப் பார்த்தார். என்னைவிட நாலைந்து வயசுதான் கூட இருக்கும். தூங்கி ரொம்ப நாளான முகம். குடிப்பீங்களா என்று கேட்டார். குடிப்பேன் என்றேன். எவ்வளவு என்றார். லாரிக் கணக்கில் என்றேன். அவர் சிரிக்காமல் எழுதிக்கொண்டார். நான் வாழ்க்கையில் ஒரு பீர் பாட்டிலைக்கூடத் திறந்ததில்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தை என் கேஸ் ஷீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு இரண்டு நாள் இறங்கவில்லை. வருகிற டாக்டர் எல்லாம் அதைப் படித்துவிட்டு, இந்த வயசில் ஏன் தம்பி என்றார்கள். அம்மா ஒவ்வொருவரிடமும் என் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தாள்.

சோதனைகளின் பெயர்கள் பயமாக இருக்கும், விஷயம் சுலபம். பழைய ரத்தம் உடம்பில் உடையும்போது ஒரு மஞ்சள் கழிவு வரும், அதைக் கல்லீரல் பிரித்து வெளியே தள்ள வேண்டும். தள்ளாவிட்டால் கண்ணில் வந்து நிற்கும். அதற்குப் பெயர் பிலிரூபின். கல்லீரலுக்குள்ளேயே இருக்க வேண்டிய சில சரக்குகள் கல்லீரல் உடைந்தால் ரத்தத்தில் கசியும். கிடங்கு ஓட்டையானால் ரோட்டில் சோளம் சிந்துகிற மாதிரி. எனக்கு ரோடே தெரியாத அளவுக்குச் சிந்தியிருந்தது. மூன்றாவது, ரத்தம் உறைய எத்தனை நேரம் ஆகிறது என்பது. ரத்தத்தை உறைய வைக்கிற பொருளையும் கல்லீரல்தான் செய்கிறதாம். ஈறில் ரத்தம் நிற்காததற்கு அதுதான் காரணம். டாக்டர் அதிகமாக முகம் சுளித்தது இந்தக் கடைசி ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான். இது இன்னும் ஏறினால் கல்லீரல் மாற்றுவதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும் என்று அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அம்மா திரும்பி வந்து, டாக்டரம்மா ஒன்றும் சொல்லவில்லை என்றாள்.

மஞ்சள் காமாலை கொண்டுவரும் கிருமிகள் ஒவ்வொன்றையும் தேடினார்கள். எதுவும் இல்லை. எலிக்காய்ச்சல் இல்லை, டெங்கு இல்லை. ஸ்கேனில் கல்லீரல் வீங்கி, வயிற்றில் தண்ணீர் கட்டியிருந்தது. பிறகு டாக்டர் அம்மாவை வெளியே அனுப்பிவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எலி மருந்து சாப்பிட்டாயா என்றார். கல்லீரல் இப்படி உடைந்து வருகிற இளவட்டங்களில் பலர் அதைச் சாப்பிட்டவர்களாம். வெளியே நின்ற அம்மாவிடமும் ஒரு நர்ஸ் அதையே கேட்டிருக்கிறார். அம்மா உள்ளே வந்து, எந்தப் பொண்ணுடா என்று கேட்டாள். என்னிடம் இல்லாத ஒரு பெண்ணுக்காக அம்மா அன்று முழுக்க அழுதாள். யாராக இருந்தாலும் கட்டி வைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தாள். அந்த வாக்கு இன்னும் செல்லுபடியாகும் என்றுதான் நினைக்கிறேன்.

கல்லீரல் ரொம்பக் கெட்டால் கழிவு மூளைக்கு ஏறிப் புத்தி தடுமாறுமாம். அதைப் பிடிக்கத் தினமும் காலையில் ஒரு பரீட்சை. கையை நீட்டச் சொல்லி விரல் நடுங்குகிறதா என்று பார்ப்பார்கள். பேர் எழுதச் சொல்வார்கள். கடைசியாக, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வார்கள். நான் தொண்ணூற்று மூன்று என்றேன். அடுத்தது எண்பத்தைந்து என்றேன். டாக்டர் பேனாவை மூடிவிட்டு நர்ஸைக் கூப்பிட்டார். இரண்டு பேர் என் கண்ணில் டார்ச் அடித்தார்கள்.

அம்மா ஓரமாக நின்று சொன்னாள்: "அவனுக்கு நல்லா இருக்கறப்பவே கணக்கு வராதும்மா. பத்தாவதுல ரெண்டு தபா போயிட்டான்."

டாக்டர் முதல் தடவையாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் அவருக்கு என் மேல் கொஞ்சம் இரக்கம் வந்திருக்க வேண்டும். கேஸ் ஷீட்டில் இருந்த லாரிக் கணக்கை அடித்துவிட்டு, குடிப்பழக்கம் இல்லை என்று எழுதினார். பிறகு முதலிலிருந்து தொடங்கினார். என்ன வேலை, என்ன சாப்பாடு.

குத்தூசியைச் சொன்னேன். தீவனத்தைச் சொன்னேன். பூஞ்சை என்றதும் நிமிர்ந்தார். கடைசியாக வேர்க்கடலையைச் சொன்னேன். எத்தனை நாளாக, எவ்வளவு என்று கேட்டார். கட்டிலுக்குப் பக்கத்தில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். போனஸ் இல்லை, கம்பெனி தூக்கிப்போட்ட சரக்கு என்பதை அம்மாவுக்கு முன்னாலேயே சொல்ல வேண்டியதாகிவிட்டது. அம்மா என்னைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தாள்.

டாக்டர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். மண்ணில் ஒரு பூஞ்சை இருக்கிறது. பச்சையாக, தூள் மாதிரி இருக்கும். செடி தண்ணீர் இல்லாமல் வாடும்போதும், பூச்சி ஓட்டை போடும்போதும் காய்க்குள் நுழைந்துவிடும். அறுத்த பிறகு ஈரத்தோடு குவித்து வைத்தால் அதற்குக் கொண்டாட்டம். அங்கேயே வளர்ந்து ஒரு விஷத்தைக் கக்கும். அஃப்ளாடாக்சின் என்று பேர். வேர்க்கடலை, மக்காச்சோளம், மிளகாய், கொப்பரை என்று அதற்கு ஏகப்பட்ட வீடுகள். மாடு தின்றால் பாலிலும் வரும். எங்கள் கம்பெனி அத்தனை லாரியைத் திருப்பி அனுப்புவது அதற்காகத்தான். துடைத்தால் பூஞ்சை போகும், விஷம் போகாது. வறுத்தால் பூஞ்சை செத்துவிடும், விஷம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். கல்லீரல் அதை உடைத்து வெளியே அனுப்பப் பார்க்கும்போது, உடைந்த துண்டு முன்னைவிட மோசமான விஷமாகிக் கல்லீரலையே தாக்குமாம். வேலை செய்யப் போய் அடி வாங்கிய கல்லீரல். என்னைப் போல இல்லை, பாவம்.

இதுதான் என்று நூறு சதவீதம் கையெழுத்துப் போட மாட்டேன், ஆனால் மற்ற எல்லாவற்றையும் தேடியாகிவிட்டது என்றார். மாற்று மருந்து கிடையாதாம். கல்லீரல் தானே எழுந்து வருகிறவரை மற்றதைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். பிறகு பேனாவை மூடிக்கொண்டே கேட்டார்:

"வீட்ல வேற யாரு சாப்ட்டாங்க?"

நானும் அம்மாவும் ஒரே சமயத்தில் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

அம்மாவின் போனை வாங்கி அடித்தேன். சுகுணா எடுத்தாள். உருண்டை சாப்பிடாதே என்றேன்.

"ஏன்ணா, உனுக்குப் பத்தலியா?" என்றாள்.

"வெளயாடல சுகு. அது வெசம். அதான் எனக்கு இப்டி ஆச்சு."

"சரி, அடுத்த ஜோக்கு சொல்லு."

எனக்கு வேறு குரல் இல்லை. இருபத்து நாலு வருஷமாக ஒரே குரலில் எல்லாரையும் கலாய்த்துவிட்டு, இப்போது உண்மையைச் சொல்லத் தனிக் குரல் தேடினால் எங்கிருந்து வரும். டாக்டரிடம் போனைக் கொடுத்தேன். அவர் இரண்டு நிமிஷம் பேசினார். நாளைக்குக் காலையிலேயே கும்மிடிப்பூண்டி அரசு ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடு, குழந்தைத் துடிப்பையும் பார்க்கச் சொல் என்றார். போன் என் கைக்கு வந்தது. அண்ணா என்று ஒரு தடவை சொன்னாள். உடனே வைத்துவிட்டாள். பயந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

ரிப்போர்ட் வர இரண்டு நாள் ஆனது. என் ஆஸ்பத்திரி நாட்களில் எனக்கு நன்றாக ஞாபகம் இருப்பது அந்த இரண்டு நாள்தான். என் கையில் ஊசி ஏறுவதையும், குடிக்கக் கொடுத்த இனிப்புச் சிரப்பினால் நாளுக்கு நாலு தடவை கழிவறைக்கு ஓடியதையும் வேறு யாருக்கோ நடப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கணக்கெல்லாம் ஒன்றுதான். நாளுக்கு இரண்டு உருண்டை, ஆறு வாரம். அந்தப் பெருக்கல் மட்டும் எனக்குத் தப்பாமல் வந்தது. அம்மா கட்டிலுக்குக் கீழே பாயில் உட்கார்ந்து தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கையால் பிடித்த உருண்டை.

சுகுணாவின் வீட்டுக்காரர் ஷிப்ட் முடிந்து நேராக வந்தார். காது மடலில் இன்னும் சாம்பல் இருந்தது. என்னை இரண்டு அடி அடித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் என் வீங்கிய காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் மாப்பிள்ளையின் மடியில் கால் வைப்பது முறையில்லை என்று இழுத்தேன். "சும்மா கெட மச்சான்" என்றார். அன்று முழுக்க அவர் சொன்னது அவ்வளவுதான்.

இரண்டாம் நாள் ரமணய்யா சார் வந்தார். விஷயம் கேள்விப்பட்டு, அதற்குள் அவர் எங்கள் வீட்டுக்குப் போய் மீதிக் கடலையிலும் உருண்டையிலும் கொஞ்சம் வாங்கிப்போய் லேப்பில் சோதித்திருந்தார். அதற்கு ஒரு பட்டை இருக்கிறது. அரைத்துக் கரைத்த நீரில் நனைத்தால், இரண்டு கோடு வந்தால் பாஸ், ஒரே கோடு என்றால் விஷம் அளவுக்கு மேலே. சுகுணா ஏழு மாசத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு பட்டையில் இரண்டு கோடு பார்த்துவிட்டுத் தெருவுக்கே லட்டு கொடுத்தாள். சார் போனில் எடுத்திருந்த படங்களைக் காட்டினார். மீதிக் கடலை, ஒரு கோடு. உருண்டை, ஒரு கோடு.

விளக்கு மின்னவில்லையே சார் என்றேன்.

"அது சோளத்துக்கு நைனா. மின்னுறது வெசம் இல்ல, அந்தப் பூஞ்சை சோளத்துல உட்டுட்டுப் போற வேற ஒண்ணு. கடலைக்கு அத்த நம்பக் கூடாதுன்னு மொத நாளே சொன்னேன். நீ பல்லக் காமிச்சுக்கினு இருந்த."

தவறவிட்ட வரி அதுதான். குத்தின சரக்கு குத்தினவனுக்கு என்ற பழக்கத்தை அவர் அன்றோடு நிறுத்திவிட்டார். இப்போது மீதி எல்லாம் குழியில் போட்டு மூடப்படுகிறது. தங்கள் வீட்டுக் கோழிக்கும் சோளம் நின்றுபோனதில் லோடுமேன்களுக்கு என்மேல் கோபம்.

சாயங்காலம் சுகுணாவின் ரிப்போர்ட் மாப்பிள்ளை போனுக்கு வந்தது. டாக்டர் பார்த்தார். திரும்பவும் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. குழந்தையின் துடிப்பும் சரி. இங்கே எடுத்துப் பார்த்த என் அம்மாவின் ரத்தத்திலும் கல்லீரல் கசிவு கொஞ்சம்தான் இருந்தது, அவள் சட்னியைத் தொட்டுக்கொள்வதோடு சரி. ஒரே பானைச் சாப்பாடு, இவங்க தப்பிச்சது எப்படி என்று டாக்டர் தனக்குத்தானே கேட்டுக்கொண்டு போனார்.

அவர் போனதும் அம்மா என் தலைமாட்டில் வந்து உட்கார்ந்தாள். என் போர்வையைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்.

"நான் ஒண்ணு பண்ட்டேன்டா. தொடைக்கறப்ப நல்லதா பாத்துப் பொறுக்கி அவளுக்கு உருண்ட புடிச்சேன். கறுத்தது, சுருங்குனதெல்லாம் உன் சட்னிக்கு அரச்சேன், அத்த அவளுக்குப் போடல. வயித்துல புள்ள கீதேன்னு. உனுக்கு இன்னா, கல்லத் துன்னாலும் செரிக்கும்னு நெனச்சேன்."

நல்லது பண்ண, இல்லன்னா தாயும் புள்ளயும் போயிருப்பாங்க என்றேன். அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். தான் பொறுக்கியதால் மகள் பிழைத்தாள், தான் அரைத்ததால் மகன் படுத்தான். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு அன்று கொஞ்சம் தூங்கினாள். உருண்டைக்கும் ஒரே கோடுதான் வந்தது என்று நான் சொல்லவில்லை. ரமணய்யா சாரிடமும் அந்தப் படத்தை அழித்துவிடச் சொன்னேன். பொறுக்கி எடுத்த நல்ல கடலையும் நல்ல கடலை இல்லை. கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற பருப்புக்குள்ளேயும் அது இருக்கும். அப்படியானால் சுகுணா எப்படித் தப்பினாள். அந்தக் கேள்வி டாக்டருக்கு மட்டுமில்லை, எனக்கும் இருந்தது.

மூன்றாவது வாரத்தில் கல்லீரல் எழுந்து உட்கார்ந்தது. முதலில் ரத்தம் உறையும் நேரம் குறைந்தது, பிறகு வயிறு இறங்கியது, கடைசியாகக் கண் வெளுத்தது. கிளம்பும் நாள் காலையிலும் டாக்டர் நூறிலிருந்து ஏழு கழிக்கச் சொன்னார். தொண்ணூற்று மூன்று, எண்பத்தைந்து என்றேன். நீங்க நார்மல் என்று கையெழுத்துப் போட்டார். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வந்து கல்லீரலைக் காட்ட வேண்டும், அந்த விஷம் பிற்காலத்தில் புற்றுநோயையும் கொண்டுவரலாம் என்றார். அதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நானும் சாதாரணமாகத்தான் கேட்டுக்கொண்டேன். ஆறு மாசம் நெருங்க நெருங்க அந்த வார்த்தை எனக்கு ஞாபகம் வருகிறது.

என்னைக் கூட்டிப்போக மாப்பிள்ளை பிடித்து வந்த காரில் சுகுணாவும் வந்திருந்தாள். ஒன்பதாவது மாசம், வரக் கூடாது என்று எல்லாரும் சொல்லியும் வந்திருந்தாள். அம்மாவும் மாப்பிள்ளையும் மருந்து வாங்கப் போனார்கள். பின் சீட்டில் நாங்கள் இரண்டு பேரும்.

"அண்ணா, உன் சாப்பாட்டுப் பையில டெய்லி எத்தினி உருண்ட இருந்துச்சு?"

நாலு என்றேன்.

"அம்மா உனுக்கு வெச்சது ரெண்டு."

எனக்கு உடனே புரியவில்லை. அவள் கையை மடியில் கோத்துக்கொண்டு, சாலையைப் பார்த்தபடி சொன்னாள். அம்மா கொடுக்கிற இரண்டையும் வாங்கி முந்தானையில் வைத்துக்கொள்வாளாம். அம்மா தண்ணீர் பிடிக்கப் போனதும் என் பையில் போட்டுவிடுவாளாம். முதல் நாள் கடித்துத் துப்பியதோடு சரி, அதற்கப்புறம் ஒன்றுகூட அவள் வாய்க்குப் போகவில்லை.

சொல்லியிருக்கலாமே என்றேன்.

"சொன்னேனே. தெருவே கலெக்டரம்மான்னு கூப்ட்டுச்சு. மறுபடி சொன்னா இன்னா பேரு வெப்பியோன்னு வுட்டுட்டேன். உனுக்குத்தான் புடிக்குமேன்னு போட்டேண்ணா." முந்தானையைக் கண்ணில் வைத்துக்கொண்டாள்.

ஆறு வாரம் அந்த நாலு உருண்டையையும் அம்மாவின் பாசம் என்று நினைத்துத் தின்றிருக்கிறேன். பொறுக்கி எடுத்ததில் இரண்டு எனக்கு, இரண்டு தங்கைக்கு என்று அம்மா போட்ட கணக்கு, நாலும் எனக்கு என்று முடிந்திருக்கிறது. நான் வைத்த பட்டப்பெயர்தான் அவள் வாயை மூடியது, அந்த வாய் மூடியதால்தான் அவளும் பிள்ளையும் தப்பினார்கள். யார் மேல் கோபப்படுவது என்று யோசித்தேன். வரிசையில் முதல் ஆளாக நான்தான் நின்றேன். சிரிப்பு வந்தது. விலா எலும்புக்குக் கீழே, வலது பக்கம், கல்லீரல் இருக்கிற இடத்தில் வலிக்க வலிக்கச் சிரித்தேன். சுகுணா அழுதுகொண்டே என் தோளில் குத்தினாள்.

அம்மாகிட்ட சொல்லாதே என்றேன். ஏன் என்றாள். உன்னைக் காப்பாற்றியது தன் கை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள், அப்படியே இருக்கட்டும் என்றேன். சுகுணா மூக்கைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள். மருந்துக் கவரோடு அம்மா வந்து முன் சீட்டில் ஏறினாள்.

இப்போது சுகுணாவின் பெண்ணுக்கு ஐந்து மாசம். யாரைப் பார்த்தாலும் பல்லில்லாத வாயைக் காட்டுகிறாள். என் ஜாடை என்கிறார்கள், பாவம். அம்மா கடையில் கடலை வாங்கினால் எங்களுக்குப் போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு கைப்பிடியிலும் ஒன்றைத் தான் கடித்துப் பார்க்கிறாள். கசந்தால் துப்பிவிட்டு மொத்தத்தையும் கொட்டிவிடுகிறாள். கசக்காததிலும் விஷம் இருக்கலாம் என்று டாக்டர் சொன்னதை நான் அவளுக்கு இன்னும் சொல்லவில்லை. அதனால் வீட்டுக்குக் கடலை வாங்குகிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன், பெரும்பாலும் மறந்துவிடுகிறேன்.

நான் எழுதுகிறேன் என்று தெரிந்ததும், எழுதி முடித்ததைப் படித்துக் காட்டச் சொல்லி அம்மா கேட்டிருக்கிறாள். அவளுக்குப் படிக்க வராது, சுகுணாதான் படிக்க வேண்டும். உருண்டைக்கு ஒரு கோடு வந்த பக்கத்தையும், கார் வருகிறதிலிருந்து இந்தக் கடைசிப் பக்கம் வரைக்கும் உள்ள தாள்களையும் அவள் சேர்த்துத் திருப்பிவிடுவாள். அம்மாவுக்குத் தெரியாது. ஆறு வாரம், தினமும் இரண்டு உருண்டையை என் பையில் சத்தமில்லாமல் போட்ட கை அது.